ஊருக்குப் போகும்போது நாயை போர்டிங்கில் (பணம் வாங்கிக்கொண்டு நாய்களைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில்) விடலாமா? உங்கள் அனுபவம் என்ன?

விடலாம். பொங்கல், தீபாவளி சமயத்தில் மட்டும் வேண்டாம் என்பேன். நான் விட்ட இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சென்னைப் புறநகரில் இப்படி நிறைய வந்துவிட்டன.

எங்கள் மணி தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். பொங்கலுக்குத் தென்காசி போக வேண்டியிருந்தது. ரயிலில் கூட்டிப்போக வேண்டுமென்றால் முதல் வகுப்பில் கூபே என்கிற தனி அறையை முழுசாக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கார்டு வேனில் இருக்கும் நாய்ப் பெட்டியில் போட வேண்டும். முதலாவது கட்டுப்படியாகாது, இரண்டாவதற்கு மனசு வரவில்லை. அதனால்தான் போர்டிங்.

சேர்க்கும்போது எல்லாம் முறையாகவே இருந்தது. தடுப்பூசிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார்கள், வெறிநாய்க்கடி ஊசி போட்ட தேதியைக் குறித்துக்கொண்டார்கள். "கூண்டே கிடையாது சார், எல்லாம் ஃப்ரீயாத்தான் சுத்தும்" என்றார் நடத்துகிறவர். முன்பக்கம் செயற்கைப் புல், ஒரு சின்ன நீச்சல் தொட்டி. பின்பக்கத்தைப் பார்க்கலாமா என்றால், "மத்த நாய்ங்க டிஸ்டர்ப் ஆயிடும் சார்."

தினமும் வாட்ஸப்பில் வீடியோ அனுப்புவதாகப் பேச்சு. முதல் நாள் வந்தது. அப்புறம் படம் மட்டும். என் மனைவிதான் கவனித்தாள்: எல்லாப் படத்திலும் புல் ஓரம் ஒரு பச்சை ஹோஸ் பைப் ஒரே மாதிரி சுருண்டு கிடக்கிறது, மணியின் நிழலும் ஒரே பக்கம் விழுகிறது. ஒரே நாளில் எடுத்து வைத்துக்கொண்டு தவணை முறையில் அனுப்பியிருக்கிறார்கள். கேட்டதற்கு ஒரு கட்டைவிரல் எமோஜி வந்தது, அவ்வளவுதான்.

கூட்டிவரப் போனபோது மணியின் மூக்குத்தண்டைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கண்ணுக்குக் கீழே மூக்கு தொடங்கும் இடத்தில் ரோமம் உதிர்ந்து, தோல் சிவந்து, ஓரத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. கம்பி இடுக்கில் மூக்கை நுழைத்து நுழைத்துத் தேய்த்தால்தான் அந்த இடத்தில் அப்படி ஆகும். கூண்டே கிடையாதாம்! பின்னங்கால் பாதங்கள் ஊறிப்போய் மூத்திர வாடை அடித்தன. நான் கொடுத்த சாப்பாட்டுப் பையில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

அங்கே வேலை பார்க்கும் பையனிடம் கேட்டேன்: "ஏன் தம்பி, சாப்பிடலைன்னா ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"ஊர்ல சந்தோஷமா இருப்பீங்க, எதுக்குத் தொந்தரவுன்னுதான் சார்."

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பண்டிகைக் கூட்டம், முப்பதுக்கு மேல் நாய்கள், பார்த்துக்கொள்ள இரண்டே பையன்கள். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அவர்களும் கிளம்பிவிடுவார்கள் என்று பேச்சுவாக்கில் அவனே சொன்னான். இடம் இருக்கிறதோ இல்லையோ, வருகிற நாயையெல்லாம் வாங்கிப் போட்ட முதலாளியைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் பெரிய செலவு பிறகுதான் வந்தது. அன்றைக்குக் காது மடலுக்குள் இரண்டு உண்ணி பார்த்தோம், எடுத்துப் போட்டோம். இரண்டு வாரம் கழித்து மணி படுத்த இடத்தைவிட்டு எழவில்லை, ஈறு வெளுத்துவிட்டது. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கும் கீழே. ஆரோக்கியமான நாய்க்குக் குறைந்தது இரண்டு லட்சத்தையொட்டியாவது இருக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல், எர்லிக்கியா என்றார்கள். நான்கு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும் என்பதால் ஒவ்வொரு வேளையும் தயிர் சாதத்தைக் கெஞ்சி ஊட்டிவிட்டு அப்புறம் மாத்திரை. இப்போது தேறிவிட்டான்.

போர்டிங்காரரிடம் கேட்டால், "எங்ககிட்ட இருந்தப்ப நல்லாத்தானே சார் இருந்துச்சு!" சிக்கலே இதில்தான். இந்தக் கிருமி உள்ள உண்ணி கடித்து, காய்ச்சல் தெரிய 8 முதல் 20 நாள் வரை ஆகும். கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளும் கென்னல் காஃப் இருமலும் பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கும். அதற்குள் உங்கள் கையில் ஆதாரம் எதுவும் இருக்காது. அதனால் கூட்டிவரும்போது அங்கேயே நின்று விரலிடுக்கு, காது, வால் அடி எல்லாம் பாருங்கள், போட்டோ எடுங்கள். நேராக டாக்டரிடம் போய் உண்ணி, புண் எது இருந்தாலும் தேதியோடு சீட்டில் எழுதி வாங்குங்கள். விடுவதற்கு முன் உண்ணி மருந்து போட்டுவிடுவது உங்கள் பொறுப்பு. நானும் போட்டிருந்தேன், அது நூற்றுக்கு நூறு காப்பாற்றாது.

இடம் பார்க்கப் போனால் நீச்சல் தொட்டியை ரசிக்காதீர்கள். ராத்திரி இங்கே யார் படுக்கிறார்கள், அவர் போன் நம்பர் என்ன என்று கேளுங்கள். பின்பக்கம் விட மாட்டேன் என்றால் வண்டியைத் திருப்பிவிடுங்கள்.

எங்களுக்கு இப்போது கீழ் வீட்டு அக்காவின் மகன் இருக்கிறான், காலேஜ் படிக்கிறான். நாங்கள் ஊருக்குப் போனால் வீட்டிலேயே வந்து தங்கிக்கொள்கிறான். போர்டிங்கைவிடச் செலவு கொஞ்சம் கூடத்தான்.

பணம்? பேசிப் பேசிப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார்கள், வைத்தியச் செலவுக்குக் கையை விரித்துவிட்டார்கள். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. என்ன ஆகிறது என்று பிறகு இதே பதிலில் சேர்க்கிறேன்.