மதிப்பீடு ஏன் பொய்க்கிறது?

பெரிய அரசுத் திட்டங்களின் செலவுக் கணிப்பு பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: செலவு எகிறுவதற்கு விலைவாசிதானே காரணம்?

பதில்: அதற்கும் பங்குண்டு, முழுப் பழியும் அதனுடையதல்ல. சிட்னி ஓப்பரா மாளிகைக்குத் தொடக்கக் கணக்கு 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்; 1973இல் முடிந்தபோது 10 கோடியே 20 லட்சம். கூரையைக் கட்டும் வழி பிடிபடும் முன்பே 1959இல் கீழ்த்தளப் பணியைத் தொடங்கினார்கள். அந்தத் தூண்கள் கூரையின் பாரத்தைத் தாங்காது என்று பிறகு தெரிந்தது, மறுபடி கட்டினார்கள். வரைபடம் முடியாத வேலைக்கு மதிப்பீடு எழுதாதீர்கள்.

கேள்வி: பிறகு எப்படித்தான் கணிப்பது?

பதில்: இதே வகைத் திட்டங்கள் முன்பு எங்கே போய் முடிந்தன என்பதிலிருந்து தொடங்குங்கள். பெருந்திட்டங்களை ஆராயும் டென்மார்க் அறிஞர் பென்ட் ஃப்ளூபியரின் குழுவினர் 258 போக்குவரத்துத் திட்டங்களை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு இது: ஏறக்குறைய பத்தில் ஒன்பது, மதிப்பீட்டைத் தாண்டின. சராசரியாக ரயில் திட்டங்கள் 45 சதவீதம், பாலங்களும் சுரங்கப்பாதைகளும் 34, சாலைகள் 20. விலைவாசி உயர்வை நீக்கிய பிறகு வந்த எண்கள் இவை. உங்கள் திட்டம் மட்டும் விலக்கு என்று தோன்றினால், அதற்குச் சான்று காட்டுங்கள்.

கேள்வி: எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் ஒதுக்கினால் போதுமா?

பதில்: ரயில் பாதைக்கா? மேலே பாருங்கள்.

கேள்வி: எந்த மென்பொருள் நல்லது?

பதில்: என் துறை அல்ல.

கேள்வி: சிமெண்ட், இரும்பு விலை ஏறியதால்தானே...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இரண்டாவதையும் படியுங்கள்.

கேள்வி: உண்மைச் செலவைச் சொல்லியிருந்தால் சிட்னியில் அந்த மாளிகையே எழுந்திருக்காதே?

பதில்: பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1967இலேயே இந்த வாதத்துக்கு அருகில் வந்தார்: வரப்போகும் இடர் தெரியாததால்தான் மனிதர் துணிகிறார்கள், பிறகு சமாளிக்கிறார்கள் என்றார். நான் ஏற்கவில்லை. குறைத்துச் சொன்னவருக்கே ஒப்புதல் என்றால், நேர்மையாகக் கணக்கிட்டவரின் திட்டம் கோப்பிலேயே மடியும். அது எவ்வளவு நல்ல திட்டமாக இருந்தாலும் நமக்குத் தெரியவே தெரியாது.

கேள்வி: ஆனால் மாளிகை நிற்கிறதே ஐயா!

பதில்: நிற்கிறது. அதை வடிவமைத்த யோர்ன் உட்சோன், செலவும் வடிவமும் பற்றிய தகராறில் 1966இல் விலகினார். 2008இல் இறக்கும்வரை முடிந்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவில்லை. அந்த இழப்பையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: மேலதிகாரி ஒரே ஓர் எண்தான் கேட்கிறார். என்ன செய்வது?

பதில்: இரண்டு கொடுங்கள்: தாண்டுவதற்குப் பாதி வாய்ப்புள்ள தொகை, ஐந்தில் ஒரு வாய்ப்பே உள்ள தொகை. மண் ஆய்வு நடக்காத இடங்களின் பட்டியலையும் அதே பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.