வேகம் கூட்டிக் குறைக்கும் ரிட்டர்ன் பம்ப்: கேள்வியும் பதிலும்

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ரிட்டர்ன் பம்ப் பற்றியவை. அதாவது, கீழே சம்புக்கு (தொட்டிக்கு அடியில் ஸ்டாண்டுக்குள் இருக்கும் இரண்டாவது தொட்டி) இறங்கி வரும் தண்ணீரை மறுபடி மேல் தொட்டிக்கு ஏற்றும் பம்ப். வேகத்தை மாற்றும் கன்ட்ரோலரோடு வரும் டிசி பம்ப் வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது என்பதுதான் பலருக்கும் குழப்பம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அண்ணா, என் தொட்டி 300 லிட்டர். மணிக்குத் தொட்டியைப் போல் பத்து மடங்கு தண்ணீர் சுற்ற வேண்டும் என்கிறார்கள். 3000 லிட்டர் என்று போட்டிருக்கும் பம்ப் போதுமா?

அந்தப் பத்து மடங்குக் கணக்கு, வேவ்மேக்கர் (தண்ணீரைக் கலக்கி அலை எழுப்பும் சிறு கருவி) பரவலாவதற்கு முன்பு சொன்னது. இன்று பவளங்களுக்கு வேண்டிய நீரோட்டத்தைத் தொட்டிக்குள் இருக்கும் வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். சம்ப் வழியாகப் போய்வரும் தண்ணீர் மூன்றிலிருந்து ஐந்து மடங்கு இருந்தால், சம்பில் இருக்கும் ஸ்கிம்மருக்கும் (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) ஹீட்டருக்கும் தாராளம். உங்களுக்கு மணிக்கு 900 முதல் 1500 லிட்டர்.

ஆனால் அது தொட்டிக்குள் உண்மையில் வந்து விழ வேண்டிய அளவு. பெட்டியில் போட்டிருக்கும் 3000 என்பது பம்ப் தண்ணீரைத் தூக்கவே வேண்டாம் என்ற நிலையில் கிடைக்கும் அளவு. பெட்டியிலோ கையேட்டிலோ ஒரு வளைகோடு இருக்கும்: ஒரு பக்கம் உயரம், மறுபக்கம் தண்ணீரின் அளவு. வாங்கும் முன் பார்க்க வேண்டியது அதைத்தான். சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல் தொட்டியின் நீர்மட்டம் வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். குழாயின் உராய்வுக்காக இன்னொரு அரை மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்போ நாலைந்து இருந்தால் இன்னும் கொஞ்சம். அந்த உயரத்தில் கோடு எந்த அளவைக் காட்டுகிறதோ அதுதான் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் தண்ணீர்.

கேள்வி: சார், 4 மீட்டர் தூக்கும் என்று போட்டிருந்த டிசி பம்ப் வாங்கினேன். முழு வேகத்தில் பிரமாதம். 60 சதவீதத்துக்குக் குறைத்தால் குழாயில் தண்ணீரே வருவதில்லை. மோட்டார் ஓடுகிறது. பம்ப் பழுதா?

பழுது இல்லை. கடைக்குத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இம்பெல்லர் (பம்ப்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இறக்கை) சுற்றும் வேகம் பாதியானால் தண்ணீரின் அளவும் பாதியாகும், அது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். தூக்கும் உயரம் அப்படிக் குறையாது. வேகத்தின் வர்க்கத்தில் குறையும். பாதி வேகத்தில் உயரம் நான்கில் ஒரு பங்குதான். உங்கள் பம்ப் 60 சதவீத வேகத்தில் தூக்கக்கூடியது 4 மீட்டரில் 0.36 பங்கு, அதாவது 1.44 மீட்டர். சம்பிலிருந்து தொட்டியின் விளிம்பு வரை உங்களுக்கு எவ்வளவு இருக்கும்? வழக்கமான ஸ்டாண்டும் தொட்டியும் என்றால் 1.3, 1.4 மீட்டர். அதோடு உராய்வு. தண்ணீர் குழாயில் ஏறக்குறைய உச்சி வரை ஏறி அப்படியே நிற்கிறது, அவ்வளவுதான். 70 சதவீதத்தில் 1.96 மீட்டர் ஆகிவிடும். அங்கே நன்றாக வரும்.

இன்னொன்று: கன்ட்ரோலர் காட்டும் சதவீதம் எல்லாத் தயாரிப்பிலும் சுழலும் வேகத்தைக் குறிப்பதில்லை. சிலதில் அது மின்சக்தியின் அளவு, சிலதில் வெறும் படிநிலை. அந்த எண்ணை நம்பாமல் வாளியை நம்புங்கள். தொட்டியில் விழும் குழாயின் நுனியை, அதே உயரத்தில் பிடித்த 10 லிட்டர் வாளிக்குள் திருப்பிவிட்டு, கைப்பேசியில் நேரம் பாருங்கள். 28 வினாடியில் நிரம்பினால் மணிக்கு ஏறத்தாழ 1285 லிட்டர்.

இதனால்தான், 60, 70 சதவீதத்தில் ஓட்டினாலும் உங்கள் உயரத்தைத் தாண்டித் தூக்கும் கொஞ்சம் பெரிய பம்ப்பாக வாங்குங்கள் என்று சொல்கிறேன். ரொம்பப் பெரிதாக வாங்கி 30-ல் ஓட்டலாம் என்று நினைத்தால் உங்கள் கதைதான்.

கேள்வி: சாதாரண ஏசி பம்ப்புக்கும் இதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? விலை அதிகமாக இருக்கிறதே?

ஏசி பம்ப் உங்கள் வீட்டு மின்சாரத்தின் அலைவெண்ணோடு கட்டிப்போட்டது. வேகத்தை மாற்ற முடியாது. குழாயில் வால்வை மூடித்தான் தண்ணீரைக் குறைக்கலாம். (வெளியேறும் பக்கம் மூடுங்கள். உறிஞ்சும் பக்கம் ஒருபோதும் வேண்டாம்.) எளிமையான பொருள், வருடக்கணக்கில் ஓடும். எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று சரியாகத் தெரிந்து, அதை மாற்றவே போவதில்லை என்றால் நான் ஏசி பம்ப்பையே வாங்கச் சொல்வேன்.

டிசி பம்ப்பில் கன்ட்ரோலர் வேகத்தை ஆள்கிறது. இங்கே இன்னொரு கணக்கு நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது: இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய வேகத்தின் மூன்றாம் படியில் குறையும். கொஞ்சம் வேகம் குறைத்தாலே நல்ல மிச்சம். 80 வாட் பம்ப் ஒரு நாளைக்கு 1.92 யூனிட், 35 வாட்டில் ஓடினால் 0.84. சம்புக்குள் மூழ்கி இருக்கும் பம்ப் தின்னும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீரில் சூடாக இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கோடையில் தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லர் வைத்திருப்பவர்களுக்கு இது இரட்டைச் செலவு.

கேள்வி: பகலில் வேகமாகவும் இரவில் மெதுவாகவும் ஓடும்படி டைமர் போடலாமா?

வேண்டாம். முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை.

காரணம் சம்ப். ரிட்டர்ன் வேகத்தைக் கூட்டினால் மேலே தண்ணீர் கொஞ்சம் அதிகம் நிற்கும், கீழே பம்ப் இருக்கும் அறையில் மட்டம் இறங்கும். ஆட்டோ டாப் ஆஃப் (ஆவியாகிப் போன தண்ணீரைத் தானே ஈடுகட்டும் கருவி) வைத்திருந்தால் அதன் சென்சார் அதே அறையில்தான் இருக்கும். தண்ணீர் ஆவியாகிவிட்டது என்று நினைத்து அது நல்ல தண்ணீரை ஊற்றும். இரவில் வேகம் குறையும்போது மட்டம் ஏறும், ஊற்றியதைத் திரும்ப எடுக்க ஆள் இல்லை. உப்பு அடர்த்தி இறங்கிப்போகும்.

கீழே இறங்கும் குழாயைக் கேட் வால்வால் சரிசெய்து, காற்றே இல்லாமல் சத்தமின்றி ஓடும் முழு சைஃபன் முறையில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சிக்கல். அந்த வால்வை ஒரே ஓர் ஓட்டத்துக்குத்தான் சரிசெய்ய முடியும். வேகத்தைத் தொட்டால் கொர் கொர்ரென்று சத்தம் வரும், அல்லது மிச்சத் தண்ணீர் அவசரக் குழாய் வழியாக வழியும். அலை வேண்டுமென்றால் வேவ்மேக்கரில் விளையாடுங்கள். ரிட்டர்னை ஒரு வேகத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் கன்ட்ரோலர் எதற்கு?

ஒரு முறை சரியாக வைக்க. பின்னாளில் ஒரு ரியாக்டருக்கு (தண்ணீரைச் சுத்திகரிக்கும் பொருள் நிரப்பிய குழல்) கிளைக் குழாய் எடுத்தால் கொஞ்சம் கூட்ட. அப்புறம் அந்தத் தீவன பொத்தான்: அழுத்தினால் பத்து நிமிடம் நின்று, தானே மெதுவாகக் கிளம்பும். பம்ப் நின்றதும் மேலிருந்து தண்ணீர் இறங்கிச் சம்பில் மட்டம் ஏறும், அப்போது ஸ்கிம்மர் பொங்கிக் கோப்பை வழிந்துவிடும். தீவனம் போடும்போது ஸ்கிம்மரையும் சேர்த்து நிறுத்துங்கள்.

கேள்வி: மின்சாரம் போனால் சம்ப் பொங்கி வீடெல்லாம் தண்ணீர் ஆகும் என்று பயமுறுத்துகிறார்கள். தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வு போட்டால் தீருமா அண்ணே?

பயமுறுத்தவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார்கள். என் முதல் தொட்டியில் செக் வால்வை நம்பித்தான் இருந்தேன். ஏழெட்டு மாதம் ஒழுங்காக வேலை செய்தது. ஓர் இரவு மின்சாரம் போனது. காலையில் எழுந்து காலை வைத்தால் தரை சில்லென்றிருந்தது. வால்வைக் கழற்றிப் பார்த்தேன்: மூடும் தகட்டின் ஓரத்தில் அரிசி அளவு நத்தை ஒன்று உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் சுண்ணாம்புப் படிவு. தகடு ஒரு நூல் திறந்தபடியே நின்றிருந்தது. கடல்நீரில் செக் வால்வு கூடுதல் காவல் மட்டும்தான். அது இல்லை என்று வைத்தே கணக்குப் போடுங்கள்.

கணக்கு எளிது. மேல் தொட்டி 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம் என்றால் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் 6 லிட்டர். ரிட்டர்ன் குழாயின் நுனி தண்ணீருக்கு 4 செ.மீ. கீழே இருந்தால், காற்று புகும் வரை 24 லிட்டர் திரும்பி இறங்கும். குழாய்களிலும், தொட்டியிலிருந்து வழியும் தண்ணீரைக் கீழே அனுப்பும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பதோடு 30 லிட்டர் என்று வையுங்கள். 90-க்கு 45 சம்பில் ஒரு செ.மீ. என்பது 4 லிட்டர் சொச்சம். ஆகவே ஓடும் மட்டத்துக்கு மேல் ஏழரை செ.மீ. காலியாக இருக்க வேண்டும், நான் பத்து வைப்பேன். நுனியை மேலே ஏற்றினாலோ, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சைஃபன் முறிக்கும் சிறு துளை போட்டாலோ இறங்கும் தண்ணீர் குறையும். துளையைப் பாசி அடைக்கும். மாதம் ஒரு முறை பல் குத்தும் குச்சியால் குத்திவிடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் பிளக்கைப் பிடுங்கி, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கடைசிச் சொட்டு வரை.

இதன் மறுபக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இறங்கும் குழாய் அடைத்துக்கொண்டால் பம்ப் தன் அறையில் இருக்கும் தண்ணீர் முழுவதையும் மேலே ஏற்றிவிடும். அந்த அறையின் தண்ணீர் மேல் தொட்டியின் விளிம்புக்குள் அடங்க வேண்டும். அறை ரொம்பப் பெரிதாக இருப்பதும் ஆபத்துதான்.

கேள்வி: டிசி பம்ப்தானே, பேட்டரியில் நேரடியாக ஓட்டலாமா?

பெரும்பாலானவை 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி உதவாது. இரண்டைத் தொடராகச் சேர்த்தால், முழுச் சார்ஜில் 24-ஐத் தாண்டி நிற்கும். உங்கள் கன்ட்ரோலர் எவ்வளவு வரை தாங்கும் என்று கையேட்டில் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

ஆனால் என் யோசனை வேறு. மின்சாரம் இல்லாதபோது மீன்களுக்கு முதலில் தட்டுப்பாடாவது ஆக்சிஜன். பேட்டரியின் சக்தியைத் தண்ணீரை ஒன்றரை மீட்டர் தூக்குவதில் செலவழிக்காமல், மேற்பரப்பைக் கலக்கும் ஒரு சிறிய வேவ்மேக்கருக்குக் கொடுங்கள். பல மடங்கு நேரம் தாங்கும்.

கேள்வி: படுக்கையறையில் தொட்டி. ஒரு மாதிரி ரீங்காரம் கேட்கிறது.

பம்ப் எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும். சம்பின் சுவரில் முட்டாமல் சிலிகான் பாய் மேல் வைத்து, வெளியேறும் இடத்தில் ஒரு சாண் சிலிகான் குழாய் போட்டுவிட்டு அதன்பின் பிவிசியில் இணையுங்கள். ரீங்காரம் பெரும்பாலும் குழாய் வழியாக ஸ்டாண்டுக்குப் போவதுதான். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் இரண்டு படி மேலே அல்லது கீழே நகர்த்துங்கள். சரளைக்கல் உருட்டுவதுபோல் கரகரத்தால் அது காற்றை இழுக்கிறது, அல்லது உறிஞ்சும் வாய் அடைத்திருக்கிறது.

கேள்வி: சம்புக்கு வெளியே வைக்கலாமா?

அதற்கென்று செய்ததாக இருந்தால் வைக்கலாம். தண்ணீர் தானாக வந்து நிரம்பும்படி சம்பின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இவை மேலே இழுத்துக்கொள்ளாது. இரண்டு பக்கமும் யூனியனோடு பால் வால்வு போடுங்கள், கழற்றும்போது என்னை நினைப்பீர்கள்.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒரு முறை சுத்தம் செய்வது?

மூன்று முதல் ஆறு மாதம். பவளத்துக்குக் கால்சியம் ஊற்றுகிறவர்கள் மூன்றிலேயே. வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த வாளியில் பம்ப்பை ஒரு மணி நேரம் மெதுவாக ஓட விடுங்கள், நுரைத்துக்கொண்டு வரும். பிறகு இம்பெல்லரைக் கழற்றிப் பழைய பல்தேய்ப்பானால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். பீங்கான் தண்டை நேராக இழுங்கள். சாய்த்தால் படக்கென்று ஒடிந்துவிடும். காந்தத்தின் மேல் பூச்சு வெடித்து உப்பியிருந்தால் அந்த இம்பெல்லரைத் தூக்கிப் போடுங்கள், துரு தண்ணீரில் இறங்கும்.

கேள்வி: கன்ட்ரோலர் இரண்டாவது முறையாகப் போய்விட்டது. பம்ப் நன்றாகவே இருக்கிறது. என்ன தப்பு செய்கிறேன்?

எங்கே மாட்டியிருக்கிறீர்கள்? சம்புக்கு மேலே, ஸ்டாண்டுக்குள் என்றால் அதுதான் காரணம். உப்புக் காற்று இணைப்புகளை அரித்துவிடும். ஸ்டாண்டுக்கு வெளியே, காற்றாட வையுங்கள். வயர் பிளக்குக்கு வருமுன் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறட்டும். சொட்டும் தண்ணீர் தொங்கலிலேயே விழுந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக் காப்பு ஸ்விட்ச் இல்லாத இணைப்பில் எந்தத் தொட்டியையும் ஓட்டாதீர்கள், 24 வோல்ட் பம்ப்பாகவே இருந்தாலும். அடாப்டருக்குள் போவது முழு மின்சாரம்.

கேள்வி: கடைசியாக, எந்தக் கம்பெனி பம்ப் வாங்குவது சார்?

கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா, கன்ட்ரோலர் தனியாகக் கிடைக்குமா? இரண்டுக்கும் ஆமாம் என்று சொல்லி எடுத்துக் காட்டினால் வாங்குங்கள். என்னிடம் பம்ப்போடு வாங்கிய உபரி இம்பெல்லர் ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கிறது. மூன்று வருடமாகப் பிரிக்கவே இல்லை.