ஜாபிக்ஸ் அலர்ட், தானியங்கி நடவடிக்கை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

ஜாபிக்ஸில் (நெட்வொர்க் கருவிகளையும் சர்வர்களையும் கண்காணிக்கும் மென்பொருள்), ஸ்விட்ச்சில் சிபியு 80 சதவீதம் தாண்டினால் மெயில் வரும்படி வைத்தேன். ஒரே இரவில் இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது. எங்கே தப்பு?

உங்கள் டிரிகர் (பிரச்சினை என்று முடிவுசெய்யும் நிபந்தனை) கடைசியாக வந்த ஓர் அளவை மட்டும் பார்க்கிறது. அளவு 79, 81 என ஊசலாடும்போது ஒவ்வொரு முறையும் ஒரு மெயில் போகும். கடந்த 5 நிமிடத்தின் குறைந்தபட்ச அளவே 80-ஐத் தாண்டியிருக்க வேண்டும் என்று மாற்றுங்கள். அப்புறம் ரெகவரி எக்ஸ்பிரஷனில் 65 வையுங்கள். 80-இல் திறந்த பிரச்சினை 65-க்குக் கீழே இறங்கினால்தான் மூடும்.

கோர் ஸ்விட்ச் (நெட்வொர்க்கின் மைய ஸ்விட்ச்) போனால் அதன் பின்னால் உள்ள 60 கருவிகளும் சேர்ந்து கத்துகின்றன.

டிரிகர் டிபெண்டன்ஸி இதற்குத்தான்: ஒரு கருவியில் பிரச்சினை இருக்கும்வரை அதைச் சார்ந்தவற்றின் அலர்ட்டை அது அடக்கும். ஆனால் கோர் ஸ்விட்ச் விழுந்தது ஜாபிக்ஸுக்கு முதலில் தெரிய வேண்டும். அதை 30 வினாடிக்கு ஒருமுறையும் மற்றவற்றை 2 நிமிடத்துக்கு ஒருமுறையும் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யுங்கள். மற்றவற்றின் டிரிகர் இரண்டு பிங் தவறிய பிறகே எழட்டும்.

நின்றுபோன சர்வீஸைத் தானாக ரீஸ்டார்ட் செய்ய விடலாமா?

விடலாம், ஒரே ஒரு முறை. ஆக்‌ஷனில் (டிரிகர் எழுந்ததும் ஜாபிக்ஸ் செய்ய வேண்டிய வேலைகள்) முதல் படியாக ரீஸ்டார்ட் வையுங்கள். 5 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் இரண்டாம் படியில் டியூட்டியில் இருப்பவருக்கு மெசேஜ் போகட்டும். படியின் இயல்பான கால அளவு 1 மணி நேரம். மாற்ற மறந்தால் ஒரு மணி நேரம் யாருக்கும் தெரியாது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் நின்றது. எங்கள் ஸ்கிரிப்ட் விடிய விடிய அதை எழுப்பிக்கொண்டே இருந்தது. காலையில் லாகைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் ரீஸ்டார்ட் வரிகள்தான். உண்மைக் காரணத்தைத் தேடி எடுக்கவே நேரம் பிடித்தது. அன்றிலிருந்து ரீஸ்டார்ட் வெற்றி பெற்றாலும் ஒரு தகவல் வரும்படி வைக்கிறேன். தினமும் தானாகச் சரியாகிற சர்வீஸ் நல்ல நிலையில் இல்லை.

ஏஜென்ட்டில் (கண்காணிக்கப்படும் சர்வரில் ஓடும் ஜாபிக்ஸ் நிரல்) ரிமோட் கமாண்ட், அதாவது வெளியிலிருந்து கட்டளை ஓட்டும் வசதி, இயல்பாகவே மூடியிருக்கும். அவசரத்தில் எல்லாக் கட்டளைகளுக்கும் திறந்துவிடாதீர்கள். அந்த ஒரு ரீஸ்டார்ட் கட்டளைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், சூடோவிலும் (லினக்ஸில் நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டும் வசதி) அப்படியே.

எஸ்என்எம்பி டிராப் (கருவி தானே அனுப்பும் எச்சரிக்கை) வருகிறதே, போலிங் (ஜாபிக்ஸ் அவ்வப்போது கருவியிடம் கேட்பது) எதற்கு?

டிராப் யுடிபி முறையில் 162 போர்ட் வழியாக வருகிறது; வந்து சேர்ந்ததா என்று அது உறுதி செய்யாது. வழியில் தொலைந்தால் அனுப்பிய கருவிக்கே தெரியாது. மின்சாரம் போன கருவி பெரும்பாலும் டிராப் அனுப்பாமலே அடங்கிவிடும். இரண்டும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பராமரிப்பின்போது அலர்ட்டை எப்படி நிறுத்துவது?

மெயின்டெனன்ஸ் பீரியட் (பராமரிப்பு நேரத்தில் அலர்ட்டை அடக்கும் அமைப்பு) போடுங்கள், தரவு சேகரிப்பு நடக்கட்டும். ஆக்‌ஷனையே அணைத்தால் திங்கட்கிழமை திரும்பப் போட மறந்துவிடுவோம்.

இன்டர்நெட் லிங்க் போனால் மெயில் வரவே இல்லை.

மெயில் அதே லிங்க் வழியாகத்தானே வெளியே போக வேண்டும்! சர்வரில் சிம் போட்ட ஒரு ஜிஎஸ்எம் மோடம் இணைத்து எஸ்எம்எஸ் வழியையும் சேருங்கள். பிறகு ஒருநாள் சொல்லிவிட்டு லிங்க் கேபிளைப் பிடுங்கி, உங்கள் ஃபோன் அடிக்கிறதா என்று பாருங்கள்.