தனியாகப் புறப்படும் பெண்கள்: வாசகியர் கேள்வி – பதில்

எனக்கு 23 வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. இதுவரை அப்பாவோ அண்ணனோ இல்லாமல் ஊர் தாண்டியதில்லை. ராத்திரி படுத்தால் எங்காவது கிளம்பிப் போய்விட வேண்டும் போலிருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை. தனியாகப் போனால் நான் யார் என்பது எனக்கே பிடிபடும் என்கிறார்கள். முதல் பயணமே இமயமலைப் பக்கம் போகலாமா?
– ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

இமயமலைக்குப் பிறகு போகலாம். முதல் பயணத்துக்கு மொழி தெரிந்த ஊர், அடிக்கடி பஸ் ஓடும் ஊர், இருட்டிய பிறகும் பெண்கள் தெருவில் நடமாடும் ஊர் வேண்டும். உங்களுக்குத் தஞ்சாவூரைச் சொல்வோம். இரண்டு இரவு, மூன்று பகல் போதும்.

காலையில் சீக்கிரம் கிளம்பி மதுரை மாட்டுத்தாவணியில் தஞ்சாவூர் பஸ் பிடியுங்கள். பிற்பகலில் போய் இறங்கிவிடலாம். வெளியூர் பஸ்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே உள்ள புதிய பஸ் நிலையத்தில் நின்றுவிடும். அறையைப் பழைய பஸ் நிலையம், ரயில் நிலையம் பக்கம் போடுங்கள். பெரிய கோயிலுக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். நடுப்பகலில் சன்னதி சாத்தியிருக்கும் என்பதால் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள். மறுநாள் காலை கும்பகோணம் பஸ்ஸில் ஏறி, ஊருக்குச் சற்று முன்னால் வரும் தாராசுரத்தில் இறக்கிவிடச் சொல்லுங்கள். இரண்டாம் ராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில் சிற்பங்கள் கைக்கெட்டும் உயரத்தில், கையளவே இருக்கும். உடன் வருபவர்கள் அவசரப்படுத்தினால் அதைப் பார்க்கவே முடியாது. மூன்றாம் நாள் அரண்மனை, சோழர் காலச் செப்புத் திருமேனிகள், சரஸ்வதி மகால் நூலகம். அதோடு ஊர் திரும்புங்கள். முதல் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஆபத்தால் அல்ல. ஒரே நாளில் ஏழு கோயில் என்று திட்டம் போட்டு, மதியச் சாப்பாட்டை விட்டு, இருட்டிய பிறகு அறை தேடுவதால்தான்.

நீங்கள் யார் என்ற கேள்விக்கு வருவோம். தூரம் போனால் அது தெரியும் என்று நாங்கள் நம்பவில்லை. வீட்டில் பிறர் எடுக்கும் முடிவுகளை நீங்களே எடுக்கும்போதுதான் அது கொஞ்சம் கொஞ்சமாகப் புலப்படும். ஒரு சின்ன நோட்டு எடுத்துப் போங்கள். பார்த்த இடங்களை எழுத வேண்டாம், அவை போனில் படமாக இருக்கும். ‘அண்ணனைக் கேட்கலாமா’ என்று கை போன் பக்கம் போன இடங்களை மட்டும் எழுதுங்கள்: எந்த பஸ், எந்த ஓட்டல், இந்த ஆட்டோக்காரர் கேட்கும் பணம் சரியா. பக்கத்திலேயே, கேட்டீர்களா, நீங்களே முடிவு செய்தீர்களா, என்ன ஆயிற்று என்பதையும் குறியுங்கள். மூன்றாம் நாள் படித்தால், எதில் உங்களுக்கு உண்மையிலேயே தயக்கம், எதில் வெறும் பழக்கம் என்று தெரிந்துவிடும்.

ரயிலில் ராத்திரிப் பயணம். பெண்களுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறதாமே, எப்படி எடுப்பது? எந்தப் படுக்கை நல்லது?
– கல்லூரி மாணவி, வேலூர்

இருக்கிறது. நீண்டதூர மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளின் ஸ்லீப்பர் வகுப்பில் பெண்களுக்காக ஆறு படுக்கைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் தேதி, ஊர் போடும் இடத்திலேயே ‘ஜெனரல்’ என்றிருப்பதை ‘லேடீஸ்’ என்று மாற்றித் தேடுங்கள். அந்த டிக்கெட்டில் பெரிய ஆண் யாருடைய பெயரும் சேரக் கூடாது. முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை எட்டு மணிக்குத் திறக்கிறது. பலர் ஜெனரலில் வெயிட்டிங் லிஸ்ட் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதே வண்டியில் லேடீஸ் ஒதுக்கீட்டில் இடம் காலியாகக் கிடப்பதுண்டு.

படுக்கை எண்ணை எட்டால் வகுத்துப் பாருங்கள். மீதி 1, 4 வந்தால் கீழ்ப்படுக்கை. 2, 5 நடு. 3, 6 மேல். 7 வந்தால் பக்கவாட்டுக் கீழ், மீதியில்லாமல் வகுபட்டால் பக்கவாட்டு மேல். தனியாகப் போகும் இளம்பெண்ணுக்கு நாங்கள் சொல்வது 3, 6 வகை மேல்படுக்கை. ஏறிப் படுத்துவிட்டால் யாரும் காலடியில் வந்து உட்கார முடியாது, பையும் தலைமாட்டிலேயே இருக்கும். கீழ்ப்படுக்கையில் இரவு பத்து மணி வரை மற்றவர்கள் உட்கார உரிமை உண்டு. பெட்டியின் இரு முனையிலும் உள்ள எண்கள் கிடைத்தால் கதவும் கழிப்பறையும் பக்கத்திலேயே இருக்கும். இரவு முழுக்க ஆள் நடமாட்டம்தான். ஆர்.ஏ.சி. என்று வந்தால் பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இன்னொருவரோடு பகிர வேண்டிவரும். அது யாராகவும் இருக்கலாம். டிக்கெட் பரிசோதகரிடம் உடனே சொல்லி, இன்னொரு பெண் பயணியோடு மாற்றித் தரக் கேளுங்கள்.

ஆன்லைனில் எடுத்த டிக்கெட் சார்ட் போட்ட பிறகும் முழுக்க வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்து ஏறாதீர்கள். வண்டிக்குள் தொந்தரவு என்றால் ரயில்வே உதவி எண்ணான 139-க்கு அழைத்து வண்டி எண், பெட்டி, படுக்கை எண் மூன்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அடுத்த நிலையத்தில் காவலர் நேராக உங்கள் பெட்டிக்கு வர முடியும்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1989-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் 139-ஆம் பிரிவுப்படி, கட்டணமும் அபராதமும் கட்டாத பயணியைக்கூட, அவர் ஆண் துணையில்லாத பெண்ணாக இருந்தால், நினைத்த இடத்தில் இறக்கிவிட முடியாது. அவர் ஏறிய நிலையம், ஜங்ஷன், வண்டி முடியும் நிலையம், மாவட்டத் தலைநகர நிலையம் இவற்றில்தான் இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும்.

தனியாக வந்த பெண்ணுக்கு ரூம் இல்லை என்று ஒரு லாட்ஜில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்படிச் சட்டம் இருக்கிறதா?
– ஒரு வாசகி, ஈரோடு

இல்லை. வயது வந்த பெண் அடையாள அட்டை காட்டி அறை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது. ஆனால் ராத்திரி கவுன்டரில் நின்று சட்டம் பேசுவது உங்களுக்குத்தான் களைப்பு. ஆன்லைனில் அறை போட்ட பிறகும் விடுதிக்கே போன் செய்து, ‘ஒரே ஆள், பெண், இத்தனை மணிக்கு வருவேன்’ என்று சொல்லி, பேசியவரின் பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு நிமிடப் பேச்சிலேயே அவர்கள் குரலிலிருந்து பாதி தெரிந்துவிடும். ‘கூட யார் வருவாங்க?’ என்று இரண்டாம் முறை கேட்டால் வேறு இடம் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஊர் போய்ச் சேருங்கள் என்று நாங்கள் விடாமல் சொல்வதும் இதனால்தான். அறை பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.

ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுங்கள். ஆதார் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். தரைத்தள அறை வேண்டாம், முதல் அல்லது இரண்டாம் தளம் கேளுங்கள். பையை வைக்குமுன் தாழ்ப்பாளைப் போட்டுக் கதவை இழுத்துப் பாருங்கள். குளியலறை ஜன்னல், பால்கனிக் கதவு, பக்கத்து அறைக்குப் போகும் இணைப்புக் கதவு எல்லாம் உள்ளிருந்து பூட்டுகிறதா என்று பாருங்கள். கட்டிலையும் குளிக்கும் இடத்தையும் நோக்கியபடி தேவையில்லாத பிளக், கடிகாரம், புகை உணரி எதுவும் இருந்தால் துணி போட்டு மூடுங்கள், அல்லது அறையை மாற்றுங்கள். கதவடியில் செருகும் ரப்பர் ஆப்பு ஒன்று பையில் கிடக்கட்டும். டைல்ஸ் தரை ஈரமாக இருந்தால் அது வழுக்கும், துடைத்துவிட்டுச் செருகுங்கள்.

பயணத்தின்போது மாதவிலக்கு வந்துவிடுமோ என்ற பயத்திலேயே திட்டத்தைத் தள்ளிப் போடுகிறேன். மாத்திரை போடலாமா? கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிடுகிறேன்.
– ஆசிரியை, நாகர்கோவில்

முதலில் தண்ணீர். குடிக்காமல் அடக்கிக்கொண்டே போவதால்தான் பலர் ஊர் திரும்பும்போது சிறுநீர்த் தொற்றோடு வருகிறார்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடியுங்கள். எரிச்சலோடு காய்ச்சலோ விலாவலியோ சேர்ந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையை இலவசமாகப் பயன்படுத்தலாம், வண்டிக்குப் பெட்ரோல் போட்டால்தான் என்றில்லை. நின்றபடியே சிறுநீர் கழிக்க உதவும் காகிதக் குழல் மருந்துக்கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. வீட்டுக் குளியலறையில் ஒருமுறை பழகிவிட்டு எடுத்துப்போங்கள்.

மாதவிலக்கைத் தள்ளிப் போடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வாங்கவே வாங்காதீர்கள். ரத்தநாளத்தில் ரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்களுக்கு அது ஆபத்து. பொதுவாக எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும் என்பதால், கிளம்பும் அன்று நினைவுக்கு வந்தால் பயனில்லை. நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரப்போக்கு வரும். அந்த நாள் ரயிலில் இருப்பீர்களா என்று கணக்குப் பாருங்கள். நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மென்ஸ்ட்ருவல் கப் பன்னிரண்டு மணி நேரம் வரை தாங்கும். ஆனால் பயணத்தில் முதன்முதலாகப் போட்டுப் பார்க்காதீர்கள். சரியாக விரியாமல் கசியும், எடுக்கத் தெரியாமல் பதற்றமாகும். இரண்டு மாதமாவது வீட்டில் பழகுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் குடிக்க ஓ.ஆர்.எஸ். தூள் எடுத்துப்போகிறீர்களா? பொட்டலத்தில் பெரியது ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு அளவு மீறிப்போய் உடம்புக்குக் கெடுதல்.

அம்மா ‘நிமிஷத்துக்கு நிமிஷம் எங்கே இருக்கேன்னு சொல்லிட்டே இரு’ என்கிறார். அப்படியானால் தனியாகப் போய் என்ன பயன்?
– ஐ.டி. ஊழியர், சென்னை

அம்மாவின் பயத்தைக் குறைப்பது அடிக்கடி வரும் செய்தி அல்ல, சொன்ன நேரத்துக்கு வரும் செய்திதான். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் ஓடும். சார்ஜையும் தின்னும். போன் அணைந்ததும் வீட்டில் அழுகை ஆரம்பிக்கும். அதற்குப் பதில் ஒரு தாளில் வண்டி எண், பி.என்.ஆர்., விடுதிப் பெயர், அங்குள்ள போன் எண், திரும்பும் தேதி எல்லாம் எழுதி அம்மா கையில் கொடுங்கள். காலை எட்டு, இரவு எட்டு என்று இரண்டு நேரம் பேசி வையுங்கள். ஒன்பது வரை தகவல் இல்லாவிட்டால் விடுதிக்கு அழைக்கலாம், அங்கேயும் பதிலில்லாவிட்டால் அவசர உதவி எண் 112 என்று வரிசையையும் எழுதிவிடுங்கள். பிறகு அந்த இரண்டு நேரத்தை ஒருநாள்கூடத் தவறவிடாதீர்கள். அடுத்த பயணத்துக்கு அனுமதி அங்கேதான் இருக்கிறது.

நண்பர்கள் குழு ஒன்று மலையேற்றத்துக்குக் கூப்பிடுகிறது. போகலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

வனத்துறை அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பாதை, எந்தத் தேதி, எத்தனை பேர் என்று அதில் இருக்கும். காட்டத் தயங்கினால் போக வேண்டாம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் இளம்பெண்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ, மனிதர் ஓடுவதைவிட வேகமாக மேலேறும். அதனால் கோடைத் தொடக்கத்து மாதங்களில் யார் கூப்பிட்டாலும் மறுத்துவிடுங்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளைத் திறந்தது. ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியும் உடன் வருவார். எளிது என்று குறிக்கப்பட்ட பாதையில் தொடங்குங்கள். புது ஷூ வேண்டாம், கொப்புளம் நிச்சயம்.

அடுத்த மாதம் விமானத்தில் லே போகிறேன். கவனிக்க வேண்டியது?
– ஒரு வாசகி, கோவை

லடாக்கில் உள்ள லே சுமார் 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் திடீரென இறங்குவதால் உடம்புக்குப் பழக நேரமே கிடைக்காது. முதல் 48 மணி நேரம் ஊருக்குள்ளேயே ஓய்வெடுங்கள். அன்றைக்கே இன்னும் உயரத்தில் உள்ள கர்துங்லா கணவாய்க்குப் போகலாம் என்று டிரைவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். தலைவலி, வாந்தி இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. தள்ளாட்டமோ ஓய்விலும் மூச்சுத்திணறலோ வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும். உயரத்தால் வரும் உபாதையைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றிக் கிளம்புமுன் டாக்டரிடம் பேசுங்கள், சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். இன்னொன்று, நம்மூர் ப்ரீபெய்ட் சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு இப்போதே மாறிவிடுங்கள்.

ஆசையாகப் போனேன். இரண்டாம் நாள் மாலையே அழுகை வந்துவிட்டது. எனக்குத் தனிப்பயணம் சரிப்படாதோ?
– ஒரு வாசகி, புதுச்சேரி

அழுகை வந்த நேரத்தைப் பாருங்கள்: மாலை. பகலில் பார்க்க இடம் இருக்கிறது, இரவில் தூக்கம் இருக்கிறது. ஐந்திலிருந்து எட்டு வரைதான் ஒன்றும் இல்லாத நேரம். அப்போதுதான் எல்லாரும் குடும்பமாக வெளியே வருகிறார்கள். மதியம் பிஸ்கட்டோடு நிறுத்தியிருந்தால் பசியும் சேர்ந்துகொள்ளும். அடுத்த முறை முதலில் மாலையைத் திட்டமிடுங்கள்: கச்சேரி, கோயில் பூசை, கடற்கரை, சினிமா, எதுவானாலும் போகும் இடம் முடிவாகியிருக்கட்டும். மதியம் சோறு சாப்பிடுங்கள். தங்குவதற்குத் தனி அறைக்குப் பதில் பெண்கள் மட்டும் தங்கும் டார்மிட்டரியில் படுக்கை எடுத்தால் பேச்சுத்துணை கிடைக்கும். இவ்வளவும் செய்த பிறகும் பிடிக்கவில்லை என்றால், ஒரு தோழியோடு போவதுதான் உங்களுக்குப் பிடித்த பயணம். அதைத் தெரிந்துகொண்டதும் நல்லதுதான்.

விவாகரத்தானவள். வெளிநாடு போக ஆசை. பாஸ்போர்ட்டுக்கு முன்னாள் கணவர் பெயரோ தீர்ப்பு நகலோ வேண்டுமா?
– ஒரு வாசகி, மதுரை

இரண்டும் வேண்டாம். 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் அறிவித்த மாற்றங்களின்படி, பிரிந்தவர்களும் விவாகரத்தானவர்களும் துணைவர் பெயரையோ விவாகரத்துத் தீர்ப்பையோ தர வேண்டியதில்லை. பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். ஆதார், பள்ளிச் சான்று, வங்கிக் கணக்கு மூன்றிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் பாருங்கள், பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் எடுத்துப்போங்கள். அது இருந்தால் குடியகல்வு (எமிக்ரேஷன்) அனுமதி தேவைப்படும் பிரிவில் உங்களைச் சேர்க்க மாட்டார்கள்.