பனிக்காக டயர் காற்றைக் குறைக்க வேண்டாம்

வணக்கம். கனடாவின் வின்னிபெக்கில் காலையில் காரில் டயர் காற்று குறைவு என்று எச்சரிக்கும் விளக்கு எரிகிறது, கொஞ்ச தூரம் ஓடியதும் அணைந்துவிடுகிறது, நண்பர் வேறு டயர் காற்றழுத்தத்தை 35 பிஎஸ்ஐயிலிருந்து (அழுத்தத்தின் அலகு) 26 ஆக்கினால் பனியில் பிடிப்பு கூடும் என்கிறார், குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து குறைக்காதீர்கள். ஆழமான பனியில் புதைந்த வண்டியை மெல்ல வெளியே எடுக்க அது உதவலாம், ஆனால் சாலையில் அவ்வளவு குறைந்த காற்றோடு ஓட்டினால் டயர் சூடாகும், திருப்பும்போது வண்டி தள்ளாடும்.

விளக்கு எரியக் காரணம் அநேகமாகக் குளிர்தான். வெப்பநிலை சுமார் 6 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். 20 டிகிரி கதகதப்பான கராஜில் 35 வைத்துவிட்டு மைனஸ் 20இல் வெளியே நிறுத்தினால் 28 பக்கம் வந்துவிடும். ஓடும்போது டயர் சூடேறி அழுத்தம் கூடுவதால்தான் விளக்கு அணைகிறது. அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

இரவெல்லாம் வெளியே நின்ற வண்டியில், காலையில் ஓட்டுவதற்கு முன் அளந்து, ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு நிரப்புங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள எண் உச்சவரம்பு, அதைப் பார்க்காதீர்கள். அப்புறம், வால்வு மூடியை மறக்காமல் போடுங்கள், உள்ளே ஈரம் உறைந்தால் ஊசி சரியாக மூடாமல் காற்று கசியும். பிடிப்புக்கு வின்டர் டயர்தான் வழி.