சுடாமல் விட்டவர்

அன்புள்ள சார்,

ஜெர்மன் போர்விமானி ஃப்ரான்ஸ் ஸ்டிக்லர், அடிபட்டுத் தள்ளாடிய அமெரிக்க பி-17 விமானத்தைச் சுடாமல் விட்ட கதையை வாசித்துக் கண் கலங்கிவிட்டது. என் மகனோ, 'ஹிட்லர் படையில் இருந்தவருக்காகவா அழுகிறீர்கள்?' என்கிறான். இந்த விமானிகளின் போர் நினைவுகளை நம்பலாமா?

— எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஸ்டிக்லரை நம்பலாம். சுடப்படாமல் தப்பியவரே சாட்சி. 1943 டிசம்பர் 20, ஜெர்மனியின் பிரெமன் நகரில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பும் விமானம். ஓட்டியவர் 21 வயது சார்லி பிரவுன். ஸ்டிக்லர் நெருங்கிப் பார்க்கிறார். வால்பகுதித் துப்பாக்கிக்காரர் செத்துக் கிடக்கிறார். பிய்ந்துபோன பக்கவாட்டு வழியே, காயம்பட்டவர்களை மற்றவர்கள் கவனிப்பது தெரிகிறது. பாராசூட்டில் இறங்குபவனைச் சுட்டால் நானே உன்னைச் சுடுவேன் என்று ஆப்பிரிக்காவில் அவருடைய மேலதிகாரி சொல்லியிருந்தார். இதுவும் அதே கணக்குதான் என்று அவருக்குப் பட்டது. கடல்வரை துணைக்குப் போய், சல்யூட் அடித்துத் திரும்பினார். வெளியே தெரிந்தால் ராணுவ விசாரணை, அதனால் மூச்சுவிடவில்லை. 1990இல்தான் பிரவுனும் அவரும் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். 2008இல் சில மாத இடைவெளியில் இருவரும் காலமானார்கள்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. நான் படித்த ஜெர்மன் விமானிகளின் நினைவுகளில் வானம் துல்லியமாக இருக்கும்: சூரியன் எந்தப் பக்கம், எவ்வளவு உயரம், எத்தனை விமானம் வீழ்த்தினார்கள். எரிக் ஹார்ட்மான் கணக்கு 352! தரைதான் மங்கல். ஸ்டிக்லர் ஓட்டியது மெஸ்ஸர்ஷ்மிட் 109. அந்த ரகத்துக்குப் பாகங்கள் செய்தவர்களில் ஃப்ளோசன்பர்க் வதைமுகாம் கைதிகளும் உண்டு. மெஸ்ஸர்ஷ்மிட் 262 ஜெட் விமானத்தின் உடற்பகுதியை குஸன் முகாம் கைதிகள் சுரங்கத்துக்குள் செய்தார்கள்.

அந்த ஜெட்டில்தான் இன்னொரு ஜெர்மன் விமானி யோஹன்னஸ் ஸ்டைன்ஹாஃப் 1945 ஏப்ரலில் கிளம்பும்போதே விபத்துக்குள்ளாகி எரிந்தார். இமைகள் கருகிப்போய், இருபது வருடத்துக்கும் மேல் கண்ணை முழுசாக மூட முடியவில்லை. படிக்கும்போது என் கண்ணும் எரிந்தது, பொய் சொல்லவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்புதான் அவரும் சக அதிகாரிகளும் விமானப்படைத் தலைவர் கோரிங்கையே நேருக்கு நேர் எதிர்த்தார்கள். சாதாரண துணிச்சல் இல்லை. ஆனால் குறை என்ன? கோரிங் தங்களைக் கோழைகள் என்கிறார், போர்விமானப் படையைப் பாழாக்குகிறார் என்பது. முகாம்கள் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்த முறை இப்படி ஒன்றை வாசித்தால், விமானம் தரையிறங்கிய பிறகு வரும் பக்கங்களை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். சாப்பாடு, சீட்டாட்டம், பாட்டில், மேலதிகாரியைத் திட்டுவது எல்லாம் இருக்கும்.