உப்பளத்து ஊரில் உப்புச் சோதனை

கேள்வி: 2019-ல் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். கொரோனாவால் இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் செல்போனிலேயே போனது. கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிற சால்ட் அனாலிசிஸை வீடியோவில் பார்த்து ரெக்கார்டு எழுதினேன்; மார்க்கும் வந்தது. பி.எட். முடித்து இப்போது ஒரு தனியார் பள்ளியில் வேலை. அடுத்த மாதம் முதல் லேப் வகுப்பும் எடுக்கச் சொல்கிறார்கள். டெஸ்ட் டியூபைத் தொட்டாலே கை நடுங்குகிறது. யாரிடம் சொல்வது?
- ஒரு வாசகி, வாலிநோக்கம்

பதில்: அரசு உப்பு நிறுவனமே நடக்கிற ஊரில் இருந்துகொண்டு உப்புக்குப் பயப்படுகிறீர்களே! கோபித்துக்கொள்ளாதீர்கள், சும்மா சொன்னேன்.

2020 மார்ச்சில் மூடிய கல்லூரிகள், நடுவில் சில வாரங்களை விட்டால், 2021 செப்டம்பரில்தான் ஒழுங்காகத் திறந்தன. தினம் 2 ஜிபி இலவச டேட்டா என்று அரசு கொடுத்ததே 2021 ஜனவரியில்தான். டேட்டா இருந்தாலும் டவருக்கு மொட்டைமாடி ஏறவேண்டும், அது வேறு கதை.

படிப்பே போச்சு என்று நினைக்காதீர்கள். சமன்பாடு எழுத வருகிறது இல்லையா? விட்டுப்போனது கைப்பழக்கம் மட்டும்தான்.

உப்பில் நைட்ரேட் இருக்கிறதா என்று பார்க்கிற பழுப்பு வளையச் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோவில் அது பத்து நொடி. உப்புக் கரைசலில் ஃபெரஸ் சல்பேட்டைச் சேர்த்து, டியூபைச் சாய்த்து, அடர் கந்தக அமிலத்தை உள்சுவரோரமாக மெல்ல வழியவிட வேண்டும். அமிலம் கனம், அடியில் போய் நிற்கும். இரண்டும் தொடுகிற இடத்தில் வளையம். டியூபை ஆட்டினீர்களோ, போச்சு. எவ்வளவு சாய்ப்பது, எவ்வளவு மெதுவாக விடுவது என்பதெல்லாம் நாலைந்து வளையத்தைக் கெடுத்தால்தான் பிடிபடும்.

சரி, யாரிடம் சொல்வது? லேப் அசிஸ்டெண்டிடம். "அண்ணே, காலேஜ்ல லேப் ஆன்லைன்லயே போயிருச்சு. சாயங்காலம் ஒரு மணி நேரம் கூட நிக்கிறீங்களா?" என்று கேளுங்கள். இதில் என்ன அவமானம்? தனியாக மட்டும் செய்யாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அமிலப் பாட்டிலைத் திறக்காதீர்கள். முதல் வாரம் பெயர் தெரிந்த உப்புகள். அப்புறம் லேபிளை மறைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்று மறந்தேன். ஃபெரஸ் சல்பேட்டை முந்தின நாளே கரைத்து வைக்கச் சொல்லிவிடாதீர்கள். காற்றுப் பட்டுக் கெட்டுப்போகும், வளையம் ஒழுங்காக வராது, நீங்கள் பாவம் உங்கள் கையைத்தான் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.